அறுவை

இந்த வாரக் கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது 'செம அறுவை' என்றால் கோபித்துக்கொள்ள மாட்டேன். விஷயமே ரம்பத்தைப் பற்றியதுதான். கை ரம்பம் அல்ல. பெட்ரோல் ஊற்றி, கயிறு இழுத்து, காது கிழியக் கத்தவிட்டு மரம் அறுக்கிற மிஷின் ரம்பம். செயின் சா.

ஒரு வேலையாகக் கும்மிடிப்பூண்டிக்குப் போயிருந்தேன். ஜி.என்.டி. ரோட்டில் கவரைப்பேட்டை தாண்டிவிட்டால் எதிரே வருகிற லாரிகளில் கம்பி, கூடவே போகிற லாரிகளில் பழைய இரும்பு. சிப்காட்டில் என்னென்னவோ தயாராகிறது. ஆனால் அந்த ஊரின் பேர் சொல்லும் சரக்கு, வீடு கட்டுகிற டி.எம்.டி. கம்பிதான். பல ஆலைகளில் கம்பிக்கு வேண்டிய மூலப்பொருள் காயலான் கடையிலிருந்து வருகிறது. உடைந்த லேத், ஓடாத மோட்டார், துருப்பிடித்த கேட், கப்பல் துண்டு எல்லாம் 1,600 டிகிரியில் ஒன்றாகக் கொதித்து ஒரே ஜாதி ஆகிவிடுகின்றன. காசியில் செத்தால் மறுபிறவி கிடையாது என்பார்கள். மிஷின்களின் காசி கும்மிடிப்பூண்டி. ஆனால் இங்கே எட்டு எம்.எம். கம்பியாக மறுபிறவி கட்டாயம்.

டீ குடிக்க நிறுத்திய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு காயலான் கடை. வாசலில் பெரிய எடை மேடை. மூலையில், கிழிந்த சாக்கின் மேல், இந்த செயின் சா. ஆரஞ்சு நிறமாக இருந்திருக்க வேண்டும். பெயர்ப் பலகை தேய்ந்துபோயிருந்தது. கைப்பிடிக்கும் உடம்புக்கும் நடுவே ரப்பர் இல்லை. முன் கைப்பிடிக்கு முன்னால் இருக்க வேண்டிய பிரேக் தகடும் இல்லை. அதனால் டிசைனுக்கு எப்படியும் ஐம்பது வயசுக்கு மேல் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

"இன்னா சார் பாக்குறீங்க? மரம் அறுக்குற மிஷினு. ஏதோ எஸ்டேட்டுல ஓடுனதாம். வர்தா புயலப்பகூட ஒருத்தரு ஓட்னாரு."

"இப்ப ஓடுமா?"

"ஓடுனா நான் ஏன் சார் சாக்குல வெச்சிருக்கேன்?"

உருக்குப் போகாமல் இது தப்பித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அலுமினியம் என்று நினைத்து வாங்கிவிட்டாராம். உரசிப் பார்த்தால் அலுமினியம் மாதிரி இல்லை. பழைய செயின் சாக்கள் பலவற்றின் உடம்பு மெக்னீசியக் கலவை. எடையைக் குறைக்கச் செய்த ஏற்பாடு. மெக்னீசியம் சூடானால் பற்றிக்கொள்ளும். எந்த ஃபர்னஸ்காரரும் அதை ஆசையாக வாங்க மாட்டார். இரும்பாகப் பிறந்திருந்தால் இந்நேரம் யார் வீட்டு லின்டலிலோ இருந்திருக்கும்.

இதே மிஷின் அமெரிக்காவிலோ ஸ்வீடனிலோ தெருவோரம் கிடந்திருந்தால் கதை வேறு. அங்கே பழைய செயின் சா சேகரிப்பது ஒரு பைத்தியம். கராஜ் சுவரில் ஆணி அடித்து ஐம்பது, நூறு என்று மாட்டி வைத்திருக்கிறார்கள். மெக்கலக், ஹோம்லைட், ஸ்டில், ஹஸ்க்வர்னா, டோல்மார். அசல் பெயின்ட்டா, மறுபூச்சா என்று சண்டை. வருஷத்துக்கு ஓரிரு முறை எல்லோரும் ஒரு தோட்டத்தில் கூடி, தடிமனான மரத்துண்டைக் கிடத்தி, தாத்தா காலத்து மிஷின்களை வரிசையாக ஓட்டிப் பார்க்கிறார்கள். புகை, சத்தம், கைதட்டல். நம்ம ஊர் பையன்கள் ஆர்.எக்ஸ். 100 சைலன்சர் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ரசிப்பார்களே, அதே ரசனை. இரண்டுக்குள்ளும் இருப்பது டூ ஸ்ட்ரோக் என்ஜின்தான்.

இதை நான் கேலி செய்யவில்லை. அந்த மிஷினின் ஜாதகம் சுவாரஸ்யமானது.

மரத்துக்காகப் பிறந்த யோசனையே இல்லை இது, எலும்புக்காக. 18-ம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்து டாக்டர்கள் இரண்டு பேர், ஐட்கென், ஜெஃப்ரே, பல் வைத்த சின்னச் சங்கிலியைக் கையால் இழுத்து எலும்பு அறுத்தார்கள். 1830-ல் ஜெர்மனியில் பெர்ன்ஹார்டு ஹைனே அதற்குக் கைப்பிடி வைத்துச் சுற்றும் கருவியாக்கினார். மரத்துக்கு அது வந்து சேர இன்னும் நூறு வருஷம் ஆயிற்று. 1926-ல் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் கரண்டில் ஓடும் ரம்பம் செய்தார். காட்டில் ஏது பிளக் பாயின்ட்? 1929-ல் பெட்ரோல் மிஷின் வந்தது. எடை நாற்பது கிலோவுக்கு மேல். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், கிட்டத்தட்ட சப்பரம் தூக்குவதுபோல.

இரண்டு சிக்கல்கள் மீதமிருந்தன. முதலாவது பல். பழைய செயினின் பல் கை ரம்பத்தின் பல் மாதிரியே மரத்தைப் பிறாண்டியது, சீக்கிரம் மழுங்கியது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்கிற மரம் வெட்டி, 1946-ல், ஒரு மரக்கட்டையைக் குடைந்துகொண்டிருந்த வண்டுப் புழுவைப் பார்த்தார். புழு பிறாண்டவில்லை. தாடை இரண்டையும் இடம் வலமாக அசைத்துச் சீவிக்கொண்டே போனது. வீட்டுக்குப் போய் அதே மாதிரி வளைந்த பல்லை, ஒன்று இடம் பார்த்து, ஒன்று வலம் பார்த்து, சங்கிலியில் கோத்தார். இன்று உலகம் முழுக்க ஓடும் செயின்களின் பரம்பரை அதுதான். கண்டுபிடிப்புகளில் பாதி இப்படித்தான், குனிந்து பார்த்தவனுக்குக் கிடைக்கிறது.

இரண்டாவது கார்புரேட்டர். ஸ்கூட்டரில் இருப்பதுபோல மிதவை வைத்த கார்புரேட்டரைச் சாய்த்தால் பெட்ரோல் வழியும், என்ஜின் நின்றுவிடும். மரமோ நின்றபடியும் அறுபடும், கிடந்தபடியும் அறுபடும். என்ஜினை நேராக வைத்துக்கொண்டு ரம்பத்தை மட்டும் திருப்பி அவதிப்பட்டார்கள். மிதவைக்குப் பதில் மெல்லிய சவ்வு வைத்த டயாஃப்ரம் கார்புரேட்டர் வந்ததும் தலைகீழாகப் பிடித்தாலும் மிஷின் ஓடியது. 1959-ல் வந்த ஸ்டில் கான்ட்ரா, சுமார் 12 கிலோ. ஒரு ஆள் தூக்கலாம். சேகரிப்பவர்கள் இன்றும் சாமி கும்பிடாத குறையாகப் பேசும் மிஷின் அது.

சரி, என்ன குறை சொல்ல வந்தேன்?

இந்த ரசிகர்கள் பேசுவதையும் எழுதுவதையும் கொஞ்ச காலமாகக் கவனித்ததில், ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தக் காலத்து மிஷின்தான் மிஷின். இப்போது வருவதெல்லாம் பிளாஸ்டிக். சொல்லிவிட்டு, தலையில் ஹெல்மெட், காதில் அடைப்பான், காலில் செயின் பட்டாலும் சிக்கி நிறுத்துகிற தடித்த பேன்ட் என்று இந்தக் காலத்து சமாசாரங்களை எல்லாம் மாட்டிக்கொண்டு, பத்தே நிமிஷம் ஓட்டுகிறார்கள். மரமும் ஏற்கெனவே விழுந்து, ஸ்டாண்டில் கட்டி வைத்த மரம். பத்து நிமிஷத்தில் எல்லா மிஷினும் அழகுதான். எட்டு மணி நேரம், வருஷத்துக்கு இருநூறு நாள் ஓட்டியவனைக் கேட்க வேண்டும்.

அவன் கை என்ன ஆனது என்பதற்கு மருத்துவப் புத்தகங்களில் பதிவு இருக்கிறது. 1918-லேயே அமெரிக்காவில் ஆலிஸ் ஹாமில்டன் என்கிற டாக்டரம்மா, காற்று அழுத்தச் சுத்தியல் பிடித்துச் சுண்ணாம்புக்கல் செதுக்கும் தொழிலாளிகளின் விரல்கள் வெளுத்துச் செத்துப்போவதை ஆராய்ந்து எழுதினார். அதிர்வு ரத்தக்குழாயைச் சுருக்கிவிடுகிறது. விரல் மெழுகு மாதிரி ஆகிறது. முதலில் நுனி, பிறகு முழு விரல். செயின் சா பரவியபின் காட்டு வேலைக்காரர்களுக்கு இதே வந்தது. ஜப்பானின் அரசாங்கக் காடுகளில் 1960-களில் பெரிய பிரச்னையாக வெடித்தது. அங்கே அதற்கு வைத்த பெயரே 'வெள்ளை மெழுகு நோய்'. அதற்குப் பிறகுதான் கைப்பிடிக்கும் என்ஜினுக்கும் நடுவே ரப்பர் வந்தது, 1960-களின் நடுவில். மிஷின் திருப்பி உதைத்தால் செயினை நிறுத்தும் பிரேக் 1970-களின் தொடக்கத்தில். ரம்பத்தின் மூக்கு நுனி மரத்தில் பட்டால் அது மேலே எகிறி, பிடித்தவன் முகத்துக்கே வரும். அதற்குள் பிரேக் பிடிக்க வேண்டும். ஆக, ரசிகர் 'பிளாஸ்டிக்' என்று இளப்பமாகச் சொல்வதில் பாதி, யாரோ சிலர் விரலையும் முகத்தையும் கொடுத்து வாங்கிய திருத்தம்.

இவ்வளவு சொன்னாலும், ஓட்டாமல் கண்ணாடிப் பெட்டியில் வைப்பவர்களைவிட ஓட்டுபவர்கள் எனக்கு எவ்வளவோ மேல். பெட்டிக்குள் இருக்கிற மிஷின் பச்சைப் பொய். பளபளவென்று சாதுவாக நிற்கும். கயிறு இழுத்துக் கிளப்பினால்தான் அது எவ்வளவு கனம், எவ்வளவு புகை, கையை எப்படி உதறுகிறது என்று தெரியும். பழைய மிஷின்களுக்குப் பெட்ரோல் 16 பங்குக்கு ஆயில் ஒரு பங்கு. இப்போது 50-க்கு ஒன்று. ஒரு கொசு மிஞ்சாது. தவிர, ஓட வைப்பதற்கு ஒரு வித்தை தெரிந்திருக்க வேண்டும். உருண்டை அரத்தால் ஒவ்வொரு பல்லையும் ஒரே சாய்வில், ஒரே எண்ணிக்கையில் தீட்ட வேண்டும். ஒரு பக்கம் அதிகம் போனால் அறுப்பு கோணும். கார்புரேட்டரைக் காதால் திருக வேண்டும். கிடைக்காத கேஸ்கட்டை அட்டையில் வெட்டிக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசி வித்தையைப் புதுப்பேட்டையில் பத்தாவது ஃபெயில் பையன்கூடச் செய்வான். அதை யாரும் பாரம்பரியம் என்று சொல்வதில்லை.

நம் ஊரில் பாரம்பரியம் என்றால் கார். ராஜா வைத்திருந்தது, ஜமீன்தார் வைத்திருந்தது. 2021-ல் மத்திய அரசு வின்டேஜ் வண்டிகளுக்கு என்று தனி விதியே போட்டது. ஐம்பது வயசு தாண்டிய வண்டிக்கு, 20,000 ரூபாய் கட்டினால், 'வி.ஏ.' எழுத்துடன் தனி நம்பர். தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கும் ராலிக்கும் ஓட்டலாம். நல்ல விஷயம். ஆனால் இரண்டு சக்கரம், நாலு சக்கரம் என்பதோடு விதி முடிந்துவிட்டது. சக்கரம் இல்லாமல் உழைத்த லேத்துக்கும், பம்ப்செட்டுக்கும், ரம்பத்துக்கும் எடை மேடைதான்.

திருவொற்றியூரில் 1955-ல் ஆரம்பித்த என்ஃபீல்டு கம்பெனியின் புல்லட்டுக்கு இன்று பக்தர்கள் இருக்கிறார்கள். (அந்த ஊர் முன்பு செங்கல்பட்டு ஜில்லா, பிறகு திருவள்ளூர் மாவட்டம், 2018 முதல் சென்னை. ஊர் நகரவில்லை.) பழைய புல்லட்டைத் தேடிப் பிடித்து ஓட்டுகிறார்கள். அந்த புல்லட்டின் உதிரிபாகங்களைக் கடைந்து கொடுத்த லேத் எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. இந்த வட்டாரத்தில் பழைய மிஷினைச் சும்மா வைக்காமல் ஓட வைத்த காரியம் என்றால் பெரம்பூர் லோகோவைச் சொல்லலாம். 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்த இ.ஐ.ஆர்.-21 என்ற நீராவி என்ஜின், 1909-ல் ஓய்வு பெற்று நூறு வருஷம் போலக் காட்சிப் பொருளாக நின்றது. 2010-ல் பெரம்பூர் ஒர்க்ஷாப்காரர்கள் அதைக் கிளப்பிவிட்டார்கள். கிளப்பியது யார் யார் கை என்று பட்டியல் போட்டு ஒரு பலகை வைத்திருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும்.

செயின் சாவுக்கு நம்மிடம் பக்தர்கள் இல்லாததற்குச் சரித்திரக் காரணமும் உண்டு. ஆனைமலைக் காட்டில் தேக்கைக் கோடாலியாலும் இரட்டையாள் ரம்பத்தாலும் சாய்த்து, யானையை விட்டு இழுத்து, சரிவில் தள்ளிவிட்டார்கள். டாப்ஸ்லிப் என்ற பெயரே அப்படி வந்ததுதான். கூலி மலிவு, மிஷினுக்கு அவசரமில்லை. மிஷின் மலிவாகி இங்கே வரும் நேரத்தில் காடு மூடிவிட்டது. கூடலூர்க் காடு அழிகிறது என்று கோதவர்மன் திருமுல்பாடு போட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12 அன்று, அனுமதி பெற்ற வேலைத் திட்டம் இல்லாமல் காட்டில் ஒரு மரமும் வெட்டக் கூடாது என்றது. சரியாக இருபது வருஷம் கழித்து, 2016 டிசம்பர் 12 அன்று, வர்தா புயல் சென்னையில் கரை ஏறி எந்தத் திட்டமும் இல்லாமல் ஆயிரக்கணக்கில் வெட்டிப் போட்டது. தேதிப் பொருத்தத்துக்கு நான் பொறுப்பில்லை.

செயின் சா என்ற ஒன்று நம் தெருவில் பலர் கண்ணில் பட்டது அந்த வாரம்தான். சென்னையில் மட்டுமல்ல; பொன்னேரி, மீஞ்சூர், பழவேற்காடு வரை. சவுக்குத் தோப்பில் கோடாலி பிடித்துப் பழகியவர்களிடம் இரவோடு இரவாக மிஷின் கொடுக்கப்பட்டது. லுங்கியை மடித்துக் கட்டி, ரப்பர் செருப்போடு, தலைக்குத் துண்டு, அதுதான் ஹெல்மெட். நாம் பால்கனியில் நின்று கரண்ட் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தோம். அமெரிக்க ரசிகர் பத்து நிமிஷத்துக்குப் போட்டுக்கொள்கிற கவசத்தில் ஒன்றுகூட, பத்து நாள் ஓட்டியவனிடம் இல்லை.

அதில் ஒருவரை அந்தக் காயலான் கடையிலேயே பார்த்தேன். லோடு ஏற்றுகிறவர், ஆரம்பாக்கம் பக்கம், ஐம்பதைத் தாண்டியிருக்கும். நான் கயிற்றை இரண்டு தரம் இழுத்துத் தோற்றதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். பிளக்கைக் கழற்றி முகர்ந்தார். இன்னொரு கையால் கயிற்றை மெதுவாக இழுத்துக் காது வைத்துக் கேட்டார்.

"பிஸ்டன் ஜாம் ஆவல சார். கீழ தண்ணி எறங்கிருக்கு. காய வெச்சி, பாயின்ட்ட சொரண்டி விட்டா எழுந்துக்கும்."

"நீங்க ஓட்டியிருக்கீங்களா?"

"இத இல்ல. இத மாதிரி ஒண்ணு. வர்தாவுக்கு ஓட்னேன், அப்பறம் ரெண்டு வருஷம் புளிய மரம், தைல மரம்னு காண்ட்ராக்டர்கிட்ட. விட்டுட்டேன். நைட்டு சோத்தப் பெசய முடியாது சார். கை மரத்துப் பூடும்."

மரம் அறுத்தவர் கை மரத்துப்போகிறது. ஜப்பான்காரன் மெழுகைத் தேடிப் போனான்; தமிழ் பக்கத்திலேயே வைத்திருக்கிறது. அவரிடம் அப்போதே பேனா எடுத்து இன்னும் நிறைய கேட்டிருக்க வேண்டும். எந்த மிஷின், என்ன எடை, ஒரு நாளைக்கு எத்தனை மணி, கூலி எவ்வளவு, விரல் எப்போது முதலில் வெளுத்தது, டாக்டரிடம் போனாரா, போனால் அவர் என்ன மாத்திரை கொடுத்தார். பழைய செயின் சா சேகரிப்பவர்கள் சீரியல் நம்பரைக் குறித்து வைத்துக்கொள்ளும் சிரத்தையில் பத்தில் ஒரு பங்கு போதும், கும்மிடிப்பூண்டியைச் சுற்றி ஒரு நல்ல புத்தகம் கிடைக்கும். நான் கேட்பதற்குள் லாரிக்காரர் ஹாரன் அடித்தார், அவர் போய்விட்டார்.

கடைக்காரரிடம் விலை கேட்டேன். வரும்போது கிலோ கணக்கில் இருந்தது, இப்போது நாலாயிரம் ரூபாய்.

"இவ்ளோ நேரம் நின்னு பாத்தீங்களே சார், ஆன்டிக் ஆயிடுச்சு."

நியாயம்தான். வின்டேஜ் என்பதற்கு இதைவிடச் சரியான விளக்கத்தை நான் படித்ததில்லை. இருந்தாலும் நாலாயிரம் அதிகம் என்று தோன்றியது. தவிர, வீட்டில் என்ன சொல்வது? வந்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து மறுபடி அந்தப் பக்கம் போனபோது நிறுத்திப் பார்த்தேன். சாக்கு இருந்தது, மிஷின் இல்லை. ஹைவேயில் புதிதாக ஹோட்டல் திறக்கிற ஒருவர், சுவரில் மாட்ட என்று வாங்கிப்போனாராம். புதுசாக ஆரஞ்சு பெயின்ட் அடிக்கப் போகிறாராம். லோடு ஏற்றுகிறவர் வேறு எங்கோ வேலைக்குப் போய்விட்டார். எங்கே என்று தெரியாது.

"செயினு வேணாம்ட்டாரு சார். பசங்க கை வெச்சா பல்லு குத்துமாம். பாரு, செயினு ரெண்டயும் கழட்டிட்டேன்."

"அது எங்க?"

"நல்ல இரும்பாச்சே சார். அன்னிக்கே லோடுல பூட்ச்சு."